விளக்குக் கம்பமும் நாலு செடியும்

எல்வுட் ஹாஸ்கெட் ஆயுளில் கஞ்சாவைத் தொட்டதில்லை. காப்பியையே இரண்டாவது கோப்பைக்கு மேல் சந்தேகத்தோடு பார்ப்பவர். முப்பத்தொரு வருடம் ஊர் அஞ்சலகத்தை நடத்திவிட்டு ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு, பிறர் கடிதங்களைப் பிரித்துப் போட்ட கை சும்மா இருக்காமல் சொந்தமாக எழுத ஆரம்பித்தது. கனடாவின் வடமேற்குக் கோடியான யூக்கானில் அவர் கடிதம் போகாத அலுவலகம் இல்லை. ஊருக்குள் கஞ்சாக் கடை கூடாது என்று இருபத்திரண்டு கடிதம். தான் பனிக்கட்டியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்ட தெருமுனைக்கு ஒரு விளக்கு வேண்டும் என்று ஒன்பது வருடத்தில் பதினான்கு. கடை வந்தது. விளக்கு வரவில்லை.

அப்படிப்பட்டவரிடம் பக்கத்து வீட்டு மார்லிஸ் டிம்சக் தன் நாலு கஞ்சாச் செடிகளை ஒப்படைக்க வந்ததற்கு ஒரே காரணம், ஊரில் வேறு ஆள் மிச்சமில்லை. செப்டம்பர் கடைசி. மூஸ் மான்கள் கூப்பிட்ட குரலுக்கு வரும் பருவம்; மார்லிஸ் உட்பட நடக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் வேட்டைக்குப் படகேறி ஆற்றின் மேற்பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். மார்லிஸ் இருபத்தெட்டு வருடம் நெடுஞ்சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவள். வீட்டுக்கு நாலு செடி என்று சட்டம் அனுமதித்த நாளிலிருந்து கொல்லைப் பசுமைக்குடிலில் முயன்று பார்க்கிறாள். முதல் வருடம் உறைபனி கொண்டுபோயிற்று. போன வருடம் சாம்பல் பூஞ்சை. இது மூன்றாவது.

"யோவ் எல்வுட், பத்தே நாளு. நீ அதப் பத்த வெக்க வேணாம், அடுப்பப் பத்த வெச்சாப் போதும்."

"எனக்குன்னு ஒரு கொள்கை இருக்கு, மார்லிஸ்."

"இருக்கட்டுமே. அதையும் கூட்டிட்டு வா. இந்தத் தடவையும் போச்சுன்னா குடில்ல கோழிய விட்டுடுவேன், சொல்லிட்டேன்."

"கோழி நல்ல பிராணி."

"சரி, விடு. நேரம் தவறாம ஒரு வேலயச் செய்ய இந்த ஊர்ல உன்ன விட்டா யாரு இருக்கான்னு நெனச்சேன். தப்பு என்னோடதுதான்."

எல்வுட்டின் கொள்கைக்கு ஒரே ஒரு பின்வாசல் உண்டு: நேரம் தவறாதவர் என்ற பெருமை. மார்லிஸ் அதன் வழியாக உள்ளே வந்துவிட்டாள். சமூகக்கூடத்தில் நாலு பேர் பார்க்க, "வாக்குக் குடுத்துட்டேன்" என்று சொல்லியும் விட்டார்.

வேலை சின்னதுதான். பொழுது சாய்ந்ததும் குடிலுக்குள் இருக்கும் விறகடுப்பை மூட்டி விடியும்வரை அணையாமல் பார்க்க வேண்டும். பகலில் கூரைக் கதவைத் திறந்து ஈரத்தை வெளியேற்ற வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், இருட்டு. நீண்ட இருட்டு இருந்தால்தான் பூ முற்றும். ராத்திரியில் வெளிச்சம் பட்டால் செடி குழம்பி விதை வைத்துவிடும், அத்தனையும் பாழ். விறகு போடப் போனால்கூடப் பச்சைக் கண்ணாடி போட்ட டார்ச்சோடுதான் போக வேண்டும். பச்சை வெளிச்சம் செடிக்கு அவ்வளவாக உறைக்காதாம்.

"அப்போ ராத்திரி வானத்துல வடதுருவ வெளிச்சம் பச்சப்பசேல்னு ஆடுமே, அது?"

"அது நம்ம ஆளு. விட்டுடு."

மூன்று நாள் ஒழுங்காகப் போயிற்று. எல்வுட் ஒரு நோட்டுப் போட்டு வெப்பநிலை எழுதினார். ஈரக் காலுறையும் எலுமிச்சைத் தோலும் சேர்ந்த அந்த வாடை முதல் நாள் குமட்டியது. மூன்றாம் நாள் குடிலுக்குள் நாற்காலி போட்டுக்கொண்டார், காற்றோட்டத்தைக் கண்காணிக்க. தபால்தலை பார்க்கும் பூதக்கண்ணாடியால் பூவின் மேலிருந்த பிசின் முத்துகளைப் பார்த்தார். கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தன. அவை பாலாகக் கலங்கி, அங்கங்கே தேன் நிறம் தட்டினால்தான் அறுவடை.

நாலாம் நாள் மதியம் அரசாங்க லாரி வந்து தெருமுனையில் ஒரு கம்பத்தை நட்டது. சாயங்காலம் விளக்கு எரிந்தது. ஒன்பது வருடம் கேட்ட விளக்கு. தெருவுக்குக் கொஞ்சம், மார்லிஸின் குடிலுக்கு மொத்தமும் விழுந்தது. மிச்சமிருந்த ஊரார் வந்து எல்வுட்டின் கையைக் குலுக்கினார்கள். அவர் முகம் துக்க வீட்டில் நிற்பவர் முகமாக இருந்தது.

மறுநாள் கதவு திறக்குமுன்பே ஊர் அலுவலக வாசலில் நின்றார். உள்ளே எழுத்தர் கைலா.

"அத அணைக்கணும்."

"பதினாலு லெட்டர் போட்டீங்க. உங்க பேர்ல தனி ஃபைலே இருக்கு."

"அணைக்கச் சொல்லிப் பதினஞ்சாவது தர்றேன்."

"தாங்க. இந்த ஃபாரத்துல காரணம்னு ஒரு கட்டம் இருக்கும், அத விட்டுடாதீங்க."

பொய் எழுத வராது அவருக்கு. பேனாவை இருமுறை மூடித் திறந்துவிட்டு, 'அண்டை வீட்டுக் கஞ்சாச் செடிகளுக்கு உறக்கம் கெடுகிறது' என்று எழுதினார். கைலா அதைப் படித்தாள், மேஜைக்கு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்தாள், வெகுநேரம் கழித்து நிமிர்ந்தாள்.

"சபை அடுத்த மாசம் ரெண்டாவது செவ்வாய்தான் கூடும்."

அதுவரை செடி பொறுக்காது. மறைக்கலாம் என்றால் மார்லிஸின் கறுப்புத் தார்ப்பாய் வேட்டை இறைச்சியை மூட அவளோடு படகில் போயிருந்தது. கம்பளி போதாது. குடிலின் ஒரு பக்கம் முழுவதையும் மறைக்கும் கனத்த துணி எல்வுட்டிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கடைக்கு எதிராகச் சொந்தச் செலவில் கூடாரத்துணி வாங்கி, ஊர்க்கோடிவரை தெரிய வேண்டும் என்று தானே எழுதிய பதாகை. அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு மரக்கம்புகளை நட்டு, குடிலுக்கும் விளக்குக்கும் நடுவே கட்டினார். திருப்பிக் கட்டலாமே என்று தோன்றியது. ஆனால் எழுத்தைச் செடிகளுக்குக் காட்டுவது வீண் என்று பட்டது. உள்ளே போய் நின்று பார்த்தார். தன் கையே தெரியவில்லை.

வெளியே நன்றாகத் தெரிந்தது. அரசாங்க விளக்கு வெள்ளையாய் விழ, ஆளுயர எழுத்தில் 'நம் ஊருக்குக் கஞ்சா வேண்டாம்' என்று இரவெல்லாம் ஜொலித்தது.

ஆள் இல்லாத நேரத்தில் எல்வுட் மார்லிஸ் மேல் போர் தொடுத்துவிட்டார் என்று ஊர் பேசியது. கைலா அலுவலகக் காகிதத்தை வெளியே பேசுபவள் இல்லை. மறுத்தால் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும். அதைவிடப் போரே கௌரவம் என்று இருந்துவிட்டார்.

பத்தாம் நாள் அந்தியில் மார்லிஸ் பாதி மூஸோடு வந்து இறங்கினாள். பதாகையைப் பார்த்தாள்.

"எல்வுட். வெளிய வாய்யா."

அவர் பச்சை டார்ச்சை அவள் கையில் கொடுத்துக் குடில் கதவைத் திறந்தார். அடுப்பு கணகணவென்று இருந்தது. நாலு செடியும் கனம் தாங்காமல் சாய்ந்து நின்றன. பூஞ்சையும் இல்லை, விதையும் இல்லை. மார்லிஸ் வெளியே வந்து விளக்கைப் பார்த்தாள், பதாகையைப் பார்த்தாள், படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

காலையில் கத்தரியோடு போனவளை வழிமறித்தார்.

"இன்னும் நாலு நாளு. பால்தான் கட்டியிருக்கு, தேன் தட்டல."

"யோவ், செடி என்னோடது."

"வாக்கு என்னோடது."

நாலு நாள் பதாகை நின்றது. ஐந்தாம் நாள் அறுத்தார்கள். கொள்கை காரணமாக எல்வுட் குடில் பக்கம் போகவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் பூதக்கண்ணாடியோடு நின்று, எந்தக் கிளையை முதலில் வெட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஜாடியில் பங்கு தருகிறேன் என்றாள்; முகத்தைச் சுளித்தார். மூஸின் விலாக்கறியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

"பதாகைய இங்கயே வெச்சிட்டுப் போயேன். அடுத்த வருஷமும் வேணுமே" என்றாள் மார்லிஸ்.

"அடுத்த வருஷத்துக்குள்ள எழுத்துக்கு இன்னொரு பூச்சு குடுக்கணும்," என்றார் எல்வுட். "வெளுத்திருக்கு."