டீக்கடைக் கூடையில் அடிக்கும் போன்கள்

ஏழாயிரம்பண்ணைக்கு ரோடு பிரியும் விலக்கில் டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். மதியத்திலிருந்து கரண்ட் இல்லை. ஆனாலும் கடைக்காரம்மாவின் பிளாஸ்டிக் கூடைக்குள் போன்கள் மாறி மாறி அடிக்கின்றன. பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால், வேலைக்கு வேன் ஏறும் பெண்கள் இவரிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

"முன்னெல்லாம் கரண்ட் போனா டவரும் படுத்துரும். நானும் செத்த நேரம் கண்ணசருவேன்," என்று கடைக்குப் பின்னால் நிற்கும் செல்போன் டவரைக் காட்டுகிறார். அதன் காலடியில் சோலார் தகடுகள் வெயில் காய்கின்றன. "இத மாட்டுனதுலேருந்து அதுக்கும் தூக்கமில்ல, எனக்கும் தூக்கமில்ல. அம்புட்டுப் போனையும் நான்தான எடுத்துப் பதில் சொல்லணும்!"

மறுபடி ஒன்று அடிக்கிறது. எடுத்துக் கேட்டவர் துள்ளி எழுகிறார்.

"நம்ம செல்வி மகளுக்கு மதுரையில நர்சு வேலை கெடச்சிருச்சாம்! ஆனா அவதான் அம்மாகிட்ட சொல்லுவாளாம். நான் வாயே தொறக்கக் கூடாதாம்."

அதற்குள் வேன் வந்துவிடுகிறது. கையெல்லாம் பட்டாசு மருந்து மினுங்க செல்வி இறங்குகிறார்.

"என்னக்கா, ஒரே சிரிப்பா இருக்கீக?"

கடைக்காரம்மா ஒரு கை சீனியை அள்ளி செல்வியின் வாயில் போடுகிறார். மகளின் நம்பரைப் போட்டு, மருந்துக் கை படாமல் போனைத் தானே அவர் காதில் வைத்துப் பிடிக்கிறார். வாயை மட்டும் திறக்கவே இல்லை.