ஜிகினா அக்கா கேட்கிற கேள்வி

தைக்கும்போதும் நாற்காலியின் நுனியில்தான் ஒட்டிக்கொண்டிருப்பாள். ரெண்டு தையல் ஓட்டுவாள், எழுந்து ஜன்னல் வழியாகத் தெருவை எட்டிப் பார்ப்பாள், வந்து நூலைக் கோப்பாள், மறுபடி எழுந்துவிடுவாள். "கால்ல வெந்நிய ஊத்திக்கிட்டவ மாதிரி ஏன் இப்படி அலையுறே?" என்று அண்ணி கேட்டால், "உக்காந்தா யாரோ எழுப்ப வர்ற மாதிரியே இருக்கு அண்ணி" என்பாள்.

மேடையில் ஆடுகிறவர்களுக்கு உடை தைப்பது தொழில். முந்தானையில், புருவத்தில், சில நாள் சோற்றுத் தட்டிலும் மினுக்குப் பொட்டுகள் ஒட்டியிருக்கும். அதனால் எல்லாருக்கும் அவள் ஜிகினா அக்கா.

ஒரு காலத்தில் அவளே ஆடியவள். ஹோட்டலில் கலைநிகழ்ச்சி என்று சொல்லித்தான் வெளிநாட்டுக்குக் கூட்டிப் போனார்கள். இறங்கியதும் வேனிலேயே பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். கட்டில் அகலத்துக்கு ஒரு மேடை. ஆட்டம் முடிந்தால் கீழே வந்து குடிக்கிறவர்களோடு உட்கார வேண்டும். வாரத்துக்கு வாரம் உடையில் துணி குறைந்தது. தங்கும் அறைக்கு வெளிப்பக்கம் பூட்டு. விசாவில் துப்புரவு வேலை என்று போட்டிருந்தது. "போலீசுக்குப் போயேன், உன்னத்தான் உள்ள வைப்பான்" என்று முதலாளி சிரித்தானாம். பாத்திரம் கழுவுகிறவள் ஒருத்தி பின்கதவைத் திறந்துவிட்டாள். இவள் தூதரகத்துக்கு ஓடி, ஊர் வந்து சேர்ந்தாள். அண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்கம்பக்கம் ஒரு வார்த்தை பாக்கி வைக்கவில்லை.

இப்போது அளவு நாடாவை எடுக்கும் முன்பே கேட்டுவிடுவாள்: "எங்க ஆடப்போறே?"

போன மாதம் அம்மாவோடு வந்த ஒரு நெட்டைப் பெண், "வெளிநாடுக்கா" என்றாள் பூரிப்பாக.

"பாஸ்போர்ட்டு எங்க?"

"ஏஜென்ட் அண்ணன்கிட்ட பத்திரமா இருக்கு."

"கூடப் பொறந்த அண்ணனா?"

பெண்ணின் முகம் சுருங்கியது. "எல்லாம் எழுத்துல குடுத்திருக்காங்கக்கா."

"எனக்கும் குடுத்தாங்க. எனக்குப் படிக்கத் தெரியாத பாஷையில."

"போற புள்ளகிட்ட நல்ல வார்த்தையாச் சொல்லும்மா!" அம்மா சீறினாள்.

"ஒரு நாளைக்கு பாஸ்போர்ட்டக் கேட்டுப் பாருங்க. யோக்கியன்னா குடுத்துட்டுப் போறான்."

பெண் வீம்புக்கு அங்கேயே ஏஜென்டைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். "என்னடா தங்கம்" என்று தேனாய் வழிந்த குரல், விஷயம் தெரிந்ததும் வேப்பெண்ணெய் ஆனது. "யாரு ஏத்திவிட்டது? அந்த ஜிகினாக்காரியா? போன தடவ இப்படி ஏத்திவிட்டு ஜன்னல்ல கல்லு விழுந்தது பத்தலையாமா அவளுக்கு?"

அம்மா ஜன்னலைப் பார்த்தாள். ஒரு பக்கம் கண்ணாடிக்குப் பதில் அட்டை. மகளின் கையைப் பிடித்து விறுவிறுவென்று இழுத்துக்கொண்டு போனாள்.

கடைசியில் அந்தப் பெண்ணின் தாய்மாமன் ஆள் சேர்த்துக்கொண்டு போய், ஏஜென்டின் சட்டையைப் பிடித்துத்தான் பாஸ்போர்ட்டை வாங்க முடிந்தது. அதைக் காட்ட ஓடிவந்த பெண்ணின் முகத்தில் பாதிச் சந்தோஷம்தான் இருந்தது. "எங்க குரூப்ல மத்த மூணு பேரும் பிளேன் ஏறிட்டாங்கக்கா. எவ்வளவோ சொன்னேன். 'பயந்தாங்கொள்ளி'ன்னு சிரிச்சாளுங்க."

"போய் இறங்கினதும் பேசினாங்களா?"

"இன்னும் இல்லக்கா."

ஜிகினா அக்கா பாதி தைத்த துணியை மெஷினிலேயே விட்டுவிட்டு, பெண்ணின் போனை வாங்கினாள். முதல் எண், மணி அடித்து ஓய்ந்தது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவது அணைந்து கிடந்தது. வியர்த்த கட்டைவிரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, முதல் எண்ணையே திரும்ப அழுத்தினாள்.