கருப்புப் பந்து விழும் வரை

தேசிய அளவில் ஆடும் பெண் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் பில்லியர்ட்ஸ் கூடத்துக்கு மூன்று மணி நேரம் வருவதாக உறுதியானது. அவரிடம் என்ன கேட்பது என்பதைவிட, யார் முதலில் கேட்பது என்பதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. எங்கள் ஊர் ஆட்களை உட்காரவைத்து, கேளுங்கள் என்று விட்டால், "நீங்க கேளுங்க", "இல்லீங்க, நீங்க மொதல்ல" என்றே மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். அதனால் கியூ கோலின் நுனியில் தடவும் சாக் வரும் காலி அட்டைப்பெட்டி ஒன்றின் மூடியில் கீறல் போட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். பெயர் போடாமல் கேள்வியை மட்டும் எழுதி உள்ளே போடலாம்.

கூடம் சரவணம்பட்டியில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருக்கிறது. ஐந்து மேசைகள். நடத்துபவர் கோட்டைமேட்டுக்காரர், எல்லோருக்கும் அவர் பாய். கோபிசெட்டிபாளையத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்கு அந்த ஆட்டக்காரர் வருகிறார் என்று எப்படியோ துப்புத் துலக்கி, போனில் பேசிச் சம்மதிக்க வைத்தவர் அவர்தான். பெட்டியைப் பார்த்துவிட்டு, "என்னங்கம்மா, எலெக்‌ஷனா?" என்றார்.

நான் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். ஒரு விஷயத்தைப் பட்டியலாக்கிவிட்டால் பாதி தீர்ந்தது என்று நினைக்கிற ஆள். சனிக்கிழமை பெட்டியைத் திறந்தபோது இருபத்தாறு சீட்டுகள் இருந்தன. வகை பிரித்தேன். அடித்த பிறகு வெள்ளைப் பந்தைப் பின்னால் இழுத்துக்கொண்டு வருவது எப்படி என்று ஒன்பது பேர். ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடியான பிரேக் பற்றி ஏழு பேர். அதில் ஒருவர், "பிரேக் அடிச்சா பட்டாசு மாதிரி செதறோணும்ங்க" என்று எழுதியிருந்தார். குறுக்கே நிற்கும் பந்தைத் தாண்டி வெள்ளைப் பந்தைக் குதிக்கவைக்க ஐந்து பேருக்கு ஆசை. எந்தக் கியூ வாங்கலாம் என்று மூன்று பேர். "நாம் அடிக்கும்போது ஓனர் பின்னால் நின்று பேசிக்கொண்டே இருந்தால் என்ன செய்வது?" என்று ஒரு சீட்டு. அந்தக் கையெழுத்து எல்லோருக்கும் தெரிந்ததுதான், பாய்க்கும்.

இருபத்தாறாவது என்னுடையது. பக்கச் சுழற்சி கொடுத்தால் மேசையின் ஓரத்தில் பட்டுத் திரும்பும் வெள்ளைப் பந்தின் கோணம் எத்தனை டிகிரி மாறும் என்று கேட்டிருந்தேன். கேள்வி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் கேள்வி அது இல்லை.

என் கேள்வி என்னவென்று சொல்வதற்கு ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி. ஆளுக்கு ஏழு பந்துகள். தன் ஏழையும் மேசையோரக் குழிகளான பாக்கெட்டுகளுக்குள் தள்ளியவர், கடைசியாக எட்டாம் எண் கருப்புப் பந்தைத் தள்ளினால் ஜெயம். ஏழு வரைக்கும் எனக்குப் பிரச்சினை இல்லை. கருப்பில்தான் தவறும். அதுவும் கடினமான கருப்பு விழுந்துவிடும். பாக்கெட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேராக, சின்னப் பையன்கூடப் போட்டுவிடுவான் என்கிற இடத்தில் நிற்கும் கருப்பு தவறும். நான் தோற்ற ஆட்டங்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். பாதிக்கு மேல் அப்படித் தோற்றவை.

ஈரோடு, திருப்பூர் கூடங்களோடு எங்களுக்கு அணி ஆட்டம் உண்டு. அணிக்கு நாலு பேர். மூன்று இடங்களுக்குப் போட்டியே இல்லை, அவர்கள் அப்படி ஆடுவார்கள். நாலாவது இடத்துக்கு நானும், சிங்காநல்லூரில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கும் அண்ணா ஒருவரும் மோதுவோம். ஐந்தில் மூன்று ஜெயித்தவர் அணியில். தோற்றவர் ஸ்கோர் எழுதக் கூடப் போவார். இரண்டு முறை மோதி இரண்டு முறையும் கடைசி ஆட்டத்தில், கடைசிப் பந்தில் தோற்றேன். இரண்டு முறையும் ஸ்கோர் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு வேனில் போனேன். மூன்றாவது மோதல், அந்தப் பெண் வந்து போன அடுத்த ஞாயிறு. மறுபடியும் ஸ்கோர் எழுதப் போக எனக்கு மனம் இல்லை.

அவர் வந்தார். என்னைவிட இரண்டு வயது இளையவர். கல்யாண வீட்டு மருதாணி கையில் அப்படியே இருந்தது. மேசையின் பச்சைத் துணியில் விரல்களை ஊன்றி அவர் கியூவை வைத்தபோது, அந்தச் சிவந்த கை துளிகூட அசையவில்லை. என் பட்டியலை வாங்கிப் படித்தார். "நல்லா பிரிச்சிருக்கீங்க" என்றார். வெள்ளைப் பந்தை இழுப்பதைப் பத்து நிமிடத்தில் காட்டினார்: கியூ மட்டமாக இருக்கணும், பந்தின் கீழ்ப்பக்கம் அடிக்கணும், பட்டதும் கையை நிறுத்தாமல் கியூ முன்னால் போகணும். கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. ஓனர் பேசினால் என்ன செய்வது என்ற சீட்டு வந்தபோது பாயைப் பார்த்துச் சிரித்தார். "வெளில ஆடப் போனா நூறு பேர் பேசுவாங்க. ஓசிலயே பயிற்சி கிடைக்குதுன்னு வச்சுக்கோங்க." பாய்க்கு அன்று முழுவதும் நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது.

பிறகு பட்டியலைக் கவிழ்த்து வைத்தார்.

"இப்போ ஒண்ணு பண்ணலாம். ஜெயிக்க வேண்டிய ஆட்டத்துல கடைசியா எந்தப் பந்தை விட்டீங்களோ, அதை அப்படியே மேசையில வச்சுக் காட்டுங்க."

"நீங்க வைங்க", "ஏனுங்க, நீங்கதான் மொதல்ல வந்தீங்க" என்று கொஞ்ச நேரம் ஓடியது. கடைசியில் கல்லூரி மாணவர் ஒருவர் எழுந்து ஒரு பந்தை வைத்தார். நடுப் பாக்கெட்டுக்கு நேரே, ஒரு அடி தூரத்தில். அடுத்தவர் மூலைப் பாக்கெட்டின் வாயிலேயே வைத்தார். அதற்கடுத்தவர் வைத்ததும் அதே மாதிரிதான். நான் வழக்கம் போல எண்ணிக்கொண்டிருந்தேன். பதினாறு பேர் வைத்தார்கள். குதிக்கவைக்க வேண்டிய பந்து ஒன்றுகூட இல்லை. இழுக்க வேண்டிய பந்து இரண்டு. மீதிப் பதினாலும் கைக்கெட்டும் பந்துகள்.

"இது உங்க லிஸ்ட்ல எங்க இருக்கு?" என்று என்னிடம் கேட்டார்.

"இல்லைங்க."

"இதையெல்லாம் போயி எப்புடிங்க மேடம் கேக்கறது?" என்றார் பின்னாலிருந்து ஒருவர். "மானம் போயிருமில்லீங்க." எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. இத்தனை நாள் ஆளாளுக்குத் தன் வீட்டு ரகசியம் என்று நினைத்தது ஊர் ரகசியமாக இருந்தது.

என் முறை வந்தது. கருப்பை மூலைப் பாக்கெட்டுக்கு ஒரு சாண் தள்ளி வைத்தேன். வெள்ளையை இரண்டடி பின்னால், நேர்கோட்டில்.

"யாரோட ஆடினீங்க?"

பட்டறை அண்ணா கையைத் தூக்கினார். "நானுங்க."

"அப்ப நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்களோ அதையே பண்ணுங்க. நீங்க அடிங்க."

நான் குனிந்தேன். அண்ணா தன் கியூவை ஸ்டாண்டில் சாய்த்து வைத்தார். "முடிஞ்சுதுங்க அம்மணி, நெம்ப நல்லா ஆடுனீங்க" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டியபடி மேசையைச் சுற்றி வந்தார். எங்கள் கூடத்தின் வழக்கம் அது. கடைசிப் பந்து சுலபம் என்று தெரிந்துவிட்டால், தோற்பவர் தானே எழுந்து வந்து கை கொடுப்பார். உட்கார்ந்த இடத்திலிருந்து கொடுப்பது மரியாதை இல்லை. நான் அவரைப் பார்த்தேன். அடித்தேன். கருப்பு பாக்கெட்டின் உதட்டில் பட்டு வெளியே வந்து நின்றது. பதினாறு பேருக்கு முன்னால்.

"போச்சாது உடுங்க அம்மணி" என்றார் அண்ணா. கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

"அடிக்கறதுக்கு முன்னாடி ஏன் அவரைப் பார்த்தீங்க?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"கை நீட்டிட்டு வந்தாருங்க."

"அதுக்கு?"

"பெரியவரைக் காக்கவைக்கக் கூடாதில்லைங்களா."

அண்ணாவின் முகம் மாறிவிட்டது. "ஏனுங்க, நான் மருவாதைக்குத்தானுங்க வந்தேன். தோத்தவன் கை குடுக்கோணுமில்லீங்க."

"பந்து இன்னும் விழலையே. நீங்க எங்க தோத்தீங்க?"

அதற்குப் பாய்தான் சொன்னார்: "இவர் தோக்காமயே கை குடுத்துக் குடுத்து ரெண்டு தடவ ஜெயிச்சிருக்காருங்க."

சிரிப்பு அடங்கியதும் அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். "கஷ்டமான பந்து வந்தா என்னென்ன பண்ணுவீங்க, வரிசையா சொல்லுங்க."

சொன்னேன். வெள்ளைக்குப் பின்னால் போய் நின்று கோட்டைப் பார்ப்பேன். சாக் தடவுவேன். காலை ஊன்றுவேன். குனிவேன். மூன்று முறை கியூவை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்ப்பேன். பிறகு அடிப்பேன், பந்து போகும் வரை எழ மாட்டேன்.

"இப்போ என்ன பண்ணீங்க?"

எண்ணிப் பார்த்தேன். குனிந்தேன், அடித்தேன். அடிக்கும்போதே எழுந்தும் விட்டேன், கை கொடுக்க.

சின்னத் திருத்தம்தானே என்று சோதிக்காமல் விட்ட இடத்தில்தான் எப்போதும் உடையும் என்று அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் சொல்வது வழக்கம். அதை மேசைக்குப் பக்கத்தில் நின்றபடி எனக்கு நானே ஒருமுறை சொல்லிக்கொண்டேன்.

"நீங்களும் இப்படி விட்டிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"போன மாசம்" என்றார் அவர் சாதாரணமாக. "அதனாலதான் எல்லாப் பந்துக்கும் ஒரே மாதிரி பண்றேன். ஒரு சாண்ல இருந்தாலும் சரி, ஒம்போது அடில இருந்தாலும் சரி. அவர் நிக்கட்டும்ங்க. கை ஒண்ணும் வலிக்காது."

அந்த வாரம் ஐந்து நாளும் அலுவலகம் விட்டு நேராகக் கூடத்துக்குப் போனேன். என் வரிசையை ஆறு வரிகளாக எழுதி மேசையின் ஓரத்தில் ஒட்டினேன். கருப்பை அதே இடத்தில் வைப்பேன். கை நீட்டும் வேலை பாய்க்கு. ஒரு கையில் டீ டம்ளர், மறு கை என் பக்கம் நீட்டியபடி. முதல் நாள் ஒவ்வொரு முறையும் என் கண் அந்தக் கைக்குத்தான் போனது. ஆறில் மூன்றாவது வரிக்குள் அவசரம் வந்துவிடும். செவ்வாய்க்கிழமை கண் போகவில்லை, ஆனால் காது போனது.

"வலிக்குதுங்கம்மா."

"வலிக்காதுன்னு சொன்னாங்க பாய்."

"அவங்களுக்கென்ன, சொல்லிட்டு ஊருக்குப் போயிட்டாங்க. நிக்கறது நானு."

வெள்ளிக்கிழமை பாய் தன் மருமகளின் பிரசவம், பேக்கரிக்காரரின் புது அடுப்பு, மேம்பால வேலை மூன்றையும் சொல்லி முடித்தார். அத்தனைக்கும் நடுவே கருப்பு தொடர்ந்து விழுந்தது. பேசி முடித்துவிட்டு, "நான் சொன்னதுல ஒண்ணாச்சும் காதுல உளுந்துதா?" என்றார். இல்லை என்றேன். அவர் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஞாயிறு வந்தது. முதல் ஆட்டம் அண்ணாவுக்கு. இரண்டாவதும் அவருக்கே, பிரேக்கிலேயே இரண்டு பந்து போட்டு, என்னை எழவே விடவில்லை. மூன்றாவது எனக்கு. நாலாவதில் கருப்பு நீளவாக்கில் தூரத்தில் நின்றது. அதை எப்போதும் போலப் போட்டுவிட்டேன். இரண்டுக்கு இரண்டு. கூடத்தில் மற்ற நாலு மேசைகளிலும் ஆட்டம் நின்றுவிட்டது.

ஐந்தாவதில் அண்ணாவுக்கு ஒரு பந்தும் கருப்பும் மீதி இருக்கும்போது அவருடையது தவறியது. எனக்கு இரண்டு பந்துகளும் கருப்பும். இரண்டையும் போட்டேன். இரண்டாவதை அடித்துவிட்டு வெள்ளை உருண்டு போய் நின்ற இடத்தைப் பார்த்ததும் பின்னால் யாரோ மூச்சை இழுத்தார்கள். கருப்பு மூலைப் பாக்கெட்டுக்கு ஒரு சாண். வெள்ளை இரண்டடி பின்னால், நேராக.

அண்ணா கியூவைச் சாய்த்து வைத்தார். பழக்கம் அவரையும் விடாது. "முடிஞ்சுதுங்க அம்மணி" என்று கையை நீட்டிக்கொண்டு வந்தார். பாதி வழியில் அவருக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும்; நின்றார். ஆனால் நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"அப்படியே நில்லுங்ணா. வாரேன்" என்றேன்.

வெள்ளைக்குப் பின்னால் போய் நின்று கோட்டைப் பார்த்தேன். சாக்கை எடுத்து, மூன்று பக்கமும் தடவினேன். வலது காலை ஊன்றினேன். குனிந்தேன். ஒன்று. பாய் ஏதோ சொன்னார். இரண்டு. மூன்று. அடித்தேன். எழவில்லை. துணிக்கு மேல் ஒரு விரற்கடை உயரத்தில் கன்னத்தை வைத்தபடி, கருப்பு போவதைப் பார்த்தேன். அது அவசரமில்லாமல் போய், பாக்கெட்டின் நடுவில் இறங்கியது. வெள்ளை, கருப்பு இருந்த இடத்திலேயே நின்றது. கருப்பு உள்ளே வலையில் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் நிமிர்ந்தேன்.

அண்ணாவின் கை அங்கேயே இருந்தது. போய்க் கொடுத்தேன்.

"இப்பத்தானுங்க தோத்தேன்" என்றார் அவர். என் கையைக் கொஞ்ச நேரம் விடவில்லை.

அடுத்த வாரம் திருப்பூருக்கு வேனில் போனபோது ஸ்கோர் நோட்டு அண்ணாவின் மடியில் இருந்தது. கோடு போட்டு, கட்டம் கட்டி, என்னைவிடச் சுத்தமாக எழுதியிருந்தார். அங்கே என் ஆட்டத்தில் கருப்பு சுலபமான இடத்தில் நின்றது. எதிரே ஆடிய பையன் நல்ல வளர்ப்பு. கியூவை வைத்துவிட்டு, "சூப்பருங்க அக்கா" என்று கையை நீட்டியபடி எழுந்து வந்தான். நான் வெள்ளைக்குப் பின்னால் போய் நின்றேன், சாக்கை எடுத்தேன்.

பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

"தம்பி, அப்புடியே நில்லுங்க. அம்மணி இன்னும் அடிக்கலீங்க."