பசை வைத்த போன்

சலவைக்கூடத்தில் அவளுக்கு மடிப்பு என்று பெயர். பெரிய ஓட்டல் ஒன்றின் அடித்தளத்தில், நீராவியும் சோப்பு வாடையும் புழுங்கும் அறையில் அவள் தலையணை உறைகளைத் தேய்த்து மடித்தால் ஓரத்தோடு ஓரம் பிசகாது. கல்யாணமான நாளிலிருந்து புருஷனிடம் அடிவாங்குகிறவள் என்பதும் அங்கே எல்லோருக்கும் தெரியும். யாராவது கேட்டால் வழுக்கி விழுந்தேன் என்பாள். ஒரு மனுஷி அத்தனை முறை வழுக்கி விழ வேண்டுமென்றால் வீட்டை எண்ணெய் ஊற்றித்தான் கழுவ வேண்டும்.

புருஷன் கதவு, ஜன்னல் பொருத்துகிறவன். வேலையில் கெட்டிக்காரன், வெளியே தங்கமான மனுஷன் என்று பெயர். அந்தத் தங்கம் வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றியதும் கையை ஓங்கும். சாப்பாடு ஆறியிருந்தால் ஓர் அறை, சூடாக இருந்தால் இரண்டு. ஒருமுறை அவள் தலையை அலமாரிக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்து நெருக்கினான். காதிலிருந்து ரத்தம் வந்தது. அதன் பிறகு அந்தக் காது சரியாகக் கேட்பதில்லை.

ஏன் விட்டுவிட்டுப் போகவில்லை என்று கேட்கிறவர்களுக்கு வாயா வலிக்கப் போகிறது? போனாள். பஸ் நிலையத்திலிருந்து முடியைப் பிடித்து இழுத்து வந்தான். சுற்றி நின்றவர்கள் குடும்ப விஷயம் என்று ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அவளுக்கு இருந்த ஒரே பிடிமானம் வெளியூரில் இருந்த அக்கா. தான் வைத்திருந்த விலை உயர்ந்த போனைத் தங்கையிடம் கொடுத்து, "கையை ஓங்கினான்னா முதல்ல போலீசைக் கூப்பிடு, அப்புறம் என்னைக் கூப்பிடு. யோசிச்சுக்கிட்டு நிக்காத" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தப் போன் அவன் கண்ணை உறுத்தியது. உடைத்தால் அக்காக்காரி கேட்பாள். தானாகக் கெட்டுப்போனால் யார் என்ன கேட்பது? முதலில் சார்ஜர் வயரை வெட்டினான். அவள் வேறு வயர் வாங்கினாள். அதையும் வெட்டி, வெட்டிய வயராலேயே முதுகை விளாசினான். கடைசியில் வேலைப் பையிலிருந்து பசைக் குப்பியை எடுத்து, போனில் சார்ஜர் சொருகும் ஓட்டைக்குள் பிழிந்தான். காயட்டும் என்று வாயால் ஊதியும் விட்டான்.

"இந்தா, வச்சுக்கோ. நல்லாப் பேசு" என்று அவள் மடியில் போட்டான்.

அன்று முதல் ஒவ்வோர் அடிக்கும் "எங்க, போன் பண்ணு பாப்போம்" என்பான். தன் நகைச்சுவை அவனுக்கே மிகவும் பிடித்துப்போயிற்று. செத்த போனை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் திரிவதும் அவனுக்கு ஒரு வேடிக்கை. அக்கா கொடுத்ததைத் தூக்கி எறிய அவளுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

சலவைக்கூடத்தில் கிழிந்த விரிப்புகளைத் தைக்கிற தையல்காரி, விருந்தினர் அறையிலிருந்து கழித்துப் போட்ட மேசை விளக்கு ஒன்றை வெளிச்சத்துக்கு வைத்திருந்தாள். ஒரு நாள் மடிப்பு உறைக் கட்டைத் தூக்கக் குனிந்தபோது இடுப்பில் குத்திய போனை உருவி அந்த விளக்கின் அகலமான அடிப்பாகத்தில் வைத்தாள். சற்று நேரத்தில் அதன் திரை வெளிச்சமானது.

"செத்துப் போச்சுன்னு சொன்னியே" என்றாள் தையல்காரி.

"செத்துத்தான்க்கா போச்சு. ஓட்டையை அடைச்சுட்டான்."

"இதுக்கு எதுக்கு ஓட்டை? விளக்குக்கு அடியில வட்டமா இருக்கு பாரு, அது சார்ஜ் ஏத்துற தட்டு. ரூம்ல தங்குறவங்க போனை இது மேல போட்டுட்டுத் தூங்கிடுவாங்க. உன்னோடது நல்ல போனு, முதுகு வழியாவே ஏத்திக்கும்."

மடிப்பு அங்கேயே உட்கார்ந்து உறையில் முகத்தைப் புதைத்து அழுதாள். தையல்காரி தைப்பதை நிறுத்தவில்லை, ஆனால் விளக்கை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

வயர் இல்லாமல் சார்ஜ் ஏற்றுவது சோம்பேறிகளின் சொகுசு என்று சொல்கிறவர்கள் உண்டு. சொல்லட்டும். வெட்டுவதற்கு வயர் கிடையாது, அடைப்பதற்கு ஓட்டை கிடையாது. அடிவாங்குகிறவளுக்கு இதைவிட என்ன வசதி வேண்டும்? போன் தட்டின் நடுவில் இருக்க வேண்டும், கொஞ்சம் நகர்ந்தாலும் ஏறாது. மெதுவாகத்தான் ஏறும். அவள் தினமும் வேலை முடியும்வரை அதை அங்கே வைத்திருந்து, அணைத்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். வீட்டில் அது செத்த போனாகவே இருந்தது.

ஒரு விடுமுறை நாள் பகலில் அவன் சட்டையில் பொத்தான் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவன் கத்தவில்லை. பையைத் திறந்து சுத்தியலை எடுத்து, "இன்னிக்கு முடிச்சுடலாம்" என்றான். முதல் அடி தோளில் விழுந்தது. எலும்பு நொறுங்கியது அவளுக்கே கேட்டது. குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு போனை உயிர்ப்பித்தாள்.

அவன் கதவை உடைக்க மெனக்கெடவில்லை. "மாட்டினவனே நான்தான்டி" என்றான். கீல்கள் அவன் பக்கம்தான் இருந்தன. திருப்புளி முனகியது, ஒரு திருகு தரையில் விழுந்து உருண்டது. போன் விழித்துக்கொள்ள எடுக்கும் நேரத்தில் ஆளையே கொன்றுவிடலாம். அடுத்த திருகு விழுந்தது. அப்போது போன் தன் எழுப்புப் பாட்டைப் பாடியது.

வெளியே திருப்புளி நின்றது.

"என்னடி சத்தம் அது?"

அவள் போலீசிடம் பேசத் தொடங்கியிருந்தாள். கதவைப் பெயர்த்து அவள் மேலேயே தள்ளினான். போனைப் பிடித்திருந்த கையைச் சுவரோடு அழுத்திச் சுத்தியலால் அடித்தான். விரல்கள் ஒடிந்து போன் கீழே விழுந்தது. "எந்தத் தெரும்மா?" என்று அது கேட்டுக்கொண்டிருந்தது. தெருவையும் வீட்டு எண்ணையும் அவள் அலறினாள். அடுத்த அடியில் தாடை பிளந்தது. பிளந்த வாயாலேயே அவன் மணிக்கட்டைக் கவ்வினாள். அவன் எத்தனை குத்து குத்தியும் பிடியை விடவில்லை. போலீஸ்காரர்கள் வந்துதான் இரண்டு பேரையும் பிரித்தார்கள்.

விலங்கு மாட்டி இழுத்துப் போகும்போதும் அவள் பிழைப்பாளா என்று அவன் கேட்கவில்லை. "எப்படிடி சார்ஜ் ஏத்தின? எவன்டி ஏத்திக் குடுத்தான்?" என்று தெருமுனைவரை கத்திக்கொண்டே போனான்.

தாடையைச் சேர்த்துக் கட்டிய கட்டு அவிழ்ந்து, அக்கா வீட்டில் அவள் மறுபடி பேசப் பழகியபோது, சிறையில் அண்ணனைப் பார்த்துவிட்டு அவன் தம்பி வந்தான்.

"அண்ணி, வேற ஒண்ணும் வேணாமாம். அதை எப்படி சார்ஜ் ஏத்தினீங்கன்னு மட்டும் சொல்லச் சொன்னான். அதே நினைப்பா இருக்கான். தூங்கவே மாட்டேங்குறான்."

அவளுக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் தாடை வலித்தது. ஆனாலும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"தூங்க வேணாம்னு சொல்லுங்க, தம்பி."