தர்மசங்கடம்னா இன்னா?

விரிப்பின் நான்கு முனைகளையும் மெத்தைக்கு அடியில் செருகிவிட்டு, தலையணையை இரண்டு தட்டுத் தட்டிப் போட்டபடி ரஞ்சிதம் கேட்டாள்: "சார், தர்மசங்கடம்னா இன்னா?"

செஞ்சிக் கடைவீதிக்குப் பின்னால் உள்ள ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் அவள் வார்டு உதவியாள். வயது நாற்பத்தெட்டு. வல்லத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். டாக்டர் வருவதற்குள் தரை துடைத்துக் காய்ந்திருக்கும். ஆக்ஸிஜன் சிலிண்டரைக் கடக்கும்போதெல்லாம் நின்று, அளவு காட்டும் முள் எங்கே இருக்கிறதென்று குனிந்து பார்ப்பாள். அது அவள் வேலையில்லை.

படித்தவர் யார் வந்து படுத்தாலும் இந்தக் கேள்வி உண்டு. அண்ணன் காய்ச்சலுக்குத் துணையிருந்த என்னிடமும் வந்தது. வீட்டுக்கு ஆள் வந்த நேரத்தில் சர்க்கரை இல்லாமல் கூசி நிற்பது என்று ஒருவர் சொன்னாராம். ஒரு காலேஜ் பெண் செல்போனைப் பார்த்து ஏதோ இங்கிலீஷில் வாசித்தாளாம். "எதுவும் ஒட்டல சார்" என்றாள்.

அந்த வார்த்தை அவளிடம் வந்தது கொரோனா இரண்டாவது அலையில். ஜவுளிக்கடை கிருஷ்ணமூர்த்தி ஒரு படுக்கையில், இருபத்தாறு வயதுக் கலைமதி அடுத்த படுக்கையில். காற்று மிச்சமிருந்தது ஒரே சிலிண்டரில். அது கிருஷ்ணமூர்த்திக்கு ஓடிக்கொண்டிருந்தது. கலைமதிக்கு உதடு நீலமாகிவிட்டது. நர்ஸும் காய்ச்சலில் படுத்துவிட்டாள். சிலிண்டர் தேடித் திண்டிவனம் போயிருந்த டாக்டர் போனில், "நான் வர ஒரு மணி நேரமாகும், நீயே பாத்து செய்" என்றார். ரஞ்சிதம் குழாயைக் கழற்றிக் கலைமதிக்கு மாட்டினாள். சிலிண்டர் வண்டி வந்தபோது கலைமதி இருந்தாள், கிருஷ்ணமூர்த்தி இல்லை.

உள்ளே விடாததால் தெருவிலேயே நின்றிருந்த அவர் மனைவி நீலாவதியிடம் ரஞ்சிதமே போய்ச் சொன்னாள்: "நான்தாம்மா மாத்தினேன்." நீலாவதி அவளைப் பார்த்தார். "உனக்கு தர்மசங்கடம்" என்றார். அவ்வளவுதான்.

"திட்டுனாங்களா, மன்னிச்சிட்டாங்களான்னு தெரியல சார். நாலு வருஷமா உள்ளயே நிக்குது."

வீட்டுக்குப் போய் அகராதியைப் புரட்டினேன். சங்கடம் வடமொழியிலிருந்து வந்த சொல். குறுகலான வழி என்பது அதன் பழைய பொருள். துன்பம் என்பதெல்லாம் பிறகு வந்தது. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் ஒரு தர்மத்தை மிதிக்காமல் போக முடியாத இடுக்கு. மறுநாள் இதைச் சொன்னேன்.

"அப்ப திட்டு இல்லியா?"

"இல்லை."

"மன்னிப்பா?"

"அதுவும் இல்லை."

அவள் வாளியை ஓரமாக வைத்தாள். "நீங்களும் வாங்க சார். அவங்களையே கேட்டுடறேன்."

மத்தியான நேரம், ஜவுளிக்கடையில் கூட்டமில்லை. கல்லாவில் நீலாவதி இருந்தார். ரஞ்சிதம் கேட்டதும் அவர் நெற்றி சுருங்கியது.

"நான் அப்படியா சொன்னேன்? அன்னிக்கு என்ன பேசுனேன்னே எனக்கு ஞாபகமில்ல, ரஞ்சிதம்."

ரஞ்சிதம் கண்ணாடி மேஜையைப் பிடித்துக்கொண்டாள். நீலாவதியே மறுபடியும் பேசினார், குரலைத் தாழ்த்தி.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு நானும் நெனச்சிக்கிட்டே இருந்தேன். பயமா இருந்திச்சி. அவரேதானே அந்தப் பொண்ணுக்குக் குடுக்கச் சொன்னாரு? அவரு மனசு அப்படித்தான் இருக்கும்."

ரஞ்சிதம் மேஜையிலிருந்து கையை எடுத்தாள்.

"ஆமாம்மா" என்றாள் ரஞ்சிதம். "அவருதான் கைய காட்டுனாரு."

நீலாவதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதார். பிறகு எழுந்து வந்து ரஞ்சிதத்தின் தோளைத் தொட்டார்.

தெருவில் இறங்கி, பஸ் ஸ்டாண்டுவரை ரஞ்சிதம் முன்னால் நடந்தாள். சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்த பிறகு சொன்னாள்: "அவரு ஒண்ணும் சொல்லல சார். குழாய பிடிச்சிக்கினு வுடவே இல்ல."

இடதுகையை மடியில் வைத்து இறுக மூடினாள். வலதுகையால் கட்டைவிரலில் தொடங்கி, ஒவ்வொரு விரலாகப் பிரித்துக் காட்டினாள்.