இரண்டு கட்டை

என் வீட்டு வாசற்கதவு காற்றில் அடிபடாமல் இருக்க ஒரு மரக்கட்டை வைத்திருக்கிறேன். பாலை மரத்தில் செதுக்கியது. ஒரு பக்கம் உயரம், மறுபக்கம் சரிவு. நடுவில் கம்பி காய்ச்சிச் சுட்ட துளை இருக்கிறது, ஒரு காலத்தில் அதில் கயிறு கோத்திருந்தது. போன கிழமை என் மருமகள் அதில் காலை இடித்துக்கொண்டாள். "மாமி, உந்தக் கட்டையைத் தூக்கி அடுப்புக்குள்ள வைச்சா என்ன? கடையில நல்ல றப்பர்க் கட்டை விக்கிறாங்கள்" என்றாள். அவளில் பிழை இல்லை. சண்டைக் காலத்தில் வீடு விட்டு ஓடவேண்டி வந்த நேரமெல்லாம் கதிரையையும் அலுமாரியையும் விட்டுவிட்டு இந்தக் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் நான் என்று சொன்னால், கிழவிக்கு விசர் என்றுதான் நினைப்பாள். இது கதவுக்குச் செய்த கட்டை இல்லை. கல் லொறியின் சில்லு உருளாமல் தடுக்கச் செய்தது. அந்த லொறியை ஓட்டியவர் என் அத்தான், அக்காவின் கணவர்.

ஐம்பதுகளின் கடைசி வருடங்கள். கனகராயன்குளத்துக்குக் கிட்ட, கண்டி வீதியிலிருந்து காட்டுக்குள் மேடேறிப் போனால் ஒரு கல்மலை இருந்தது. குளக்கட்டுகளுக்கும் வீதிகளுக்கும் அங்கிருந்துதான் கல் போனது. மலையடியில் கிடுகுக் கொட்டில் போட்டு அக்கா குடும்பம் இருந்தது. தாய் தகப்பன் இல்லாத நானும் அவர்களோடு இருந்தேன். ஆண்கள் வெடி வைத்துப் பிளந்த கல்லைப் பெண்கள் நாங்கள் சாக்குத் துண்டில் குந்தியிருந்து சல்லியாக உடைப்போம். கண்ணுக்குள் தூள் பறக்கும், கை காய்த்துப் போகும். கல்மலையைக் கொந்தராத்துக்கு எடுத்து நடத்தியவரை எல்லோரும் முதலாளி என்போம். வெள்ளை வேட்டியில் கல்தூசி படக்கூடாதென்று காருக்குள் இருந்தபடியே கதைக்கிற மனிதர் அவர். அத்தான் ஓட்டிய லொறி, இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் அவர் ஏலத்தில் எடுத்த பழைய பட்டாள லொறி. அதற்கு ஹோர்ன் இருந்தது, விளக்கு இருந்தது, பிறேக் மட்டும் இல்லை. மிதித்தால் கால் பலகைவரை போகும், லொறி தன்பாட்டில் போய்க்கொண்டிருக்கும்.

பிறேக் இல்லாத லொறியை எப்படி ஓட்டினார் என்று இன்றைக்குக் கேட்பவர்கள் உண்டு. ஓட்டாவிட்டால் வேறு றைவர் வருவான் என்று முதலாளி சொன்ன பிறகு எப்படி ஓட்டாமல் இருப்பது என்று நான் திருப்பிக் கேட்பேன். சமதரையில் கியரைக் குறைத்துக் குறைத்து நிறுத்திவிடுவார். மலையிலிருந்து வீதிக்கு இறங்கும் சரிவில்தான் கட்டை வேண்டும், கல்லை வைத்தால் பாரத்தில் தெறித்துவிடும். கல் ஏற்றிய லொறி முக்கி முனகி ஊர்ந்து வரும். பின்சில்லுக்குப் பக்கத்தில் ஒரு கையில் ஒரு கட்டையாக, இரண்டைக் கயிற்றில் தூக்கிக்கொண்டு கிளீனர் அண்ணை நடந்து வருவார். சரிவு முடியும் இடத்தில் அத்தான் "கட்டை!" என்று ஒரு குரல் கொடுப்பார். கிளீனர் அண்ணை ஒரு கட்டையை இந்தப் பக்கச் சில்லுக்கு முன்னால் எறிவார், மற்றதை லொறிக்குக் கீழால் அந்தப் பக்கச் சில்லுக்குத் தள்ளுவார். இரண்டு சில்லும் ஒரே நேரத்தில் கட்டையில் ஏறி, லொறி பெருமூச்சு விட்டு நிற்கும்.

கிளீனர் அண்ணை நாற்பது தாண்டியவர். கொக்கிளாய்ப் பக்கம் கடல்தொழில் செய்தவர், வலையெல்லாம் புயலில் போனபிறகு காட்டுக்கு வந்தவர். இரண்டு கட்டையையும் செதுக்கியது அவர்தான். வாயில் எந்நேரமும் வெற்றிலை. "மற்றவங்கட லொறிக்குப் பிறேக் கீழ இருக்கு. எங்கட பிறேக் வெத்திலை சப்பிக்கொண்டு பக்கத்தில நடந்து வருது" என்று அத்தான் அவரைச் சீண்டுவார். "பிறேக்குக்குப் பசிக்குது, ரெண்டு பிட்டுக் கூட வையுங்கோ தங்கச்சி" என்று அவர் அக்காவிடம் கோப்பையை நீட்டுவார். சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் அந்தச் சாப்பாடு நடக்கும். ஆனால் அத்தானின் வலது கால் மட்டும் ஓய்ந்திருக்காது. கதிரையில் இருந்து சோறு சாப்பிடும்போதும் நிலத்தை மிதித்து மிதித்து எடுக்கும். அது தனக்குத் தெரியாது என்பார் அத்தான்.

அன்று காலை முதலாளி புதிதாக எடுத்த இன்னொரு பழைய லொறியோடு வந்தார். அதற்கும் பிறேக் சரியில்லை போலிருக்கிறது. காரிலிருந்து இறங்காமலே ஆளை விட்டு எங்கள் கட்டைகளில் ஒன்றை எடுப்பித்தார். நாங்கள் கல்லுடைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு முன்னால்தான் இது நடந்தது. கிளீனர் அண்ணை ஓடிப்போய், "ஒண்டு காணாது முதலாளி, ரெண்டு சில்லுக்கும் ரெண்டு வேணும். பாரம் ஏத்தியாச்சு. பின்னேரம் வேற ஒண்டு வெட்டித் தாறன்" என்றார். "இண்டைக்கு ஒரு நாள் ஒண்டு காணும்" என்றார் முதலாளி. கார் போய்விட்டது. மரத்துக்குப் பஞ்சமில்லாத வன்னிக்காட்டின் நடுவில், ஒரு மரத்துண்டைச் செதுக்க எடுக்கிற நேரத்தைக்கூட அந்த மனிதர் கொடுக்கவில்லை. கல்லுக்காகக் குளக்கட்டில் ஆட்கள் காத்திருக்கிறார்களாம், லொறி உடனே இறங்கவேண்டுமாம்.

"கட்டை!" என்ற குரல் எனக்குக் கேட்டது. ஒரு சில்லு கட்டையில் ஏறி நின்றது. மற்றச் சில்லு நிற்கவில்லை. லொறி குறுக்கே திரும்பி, நின்ற சில்லின் பக்கமாகச் சரிந்தது. ஏற்றியிருந்த கல் முழுவதும் கிளீனர் அண்ணைக்கு மேல் போனது. சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடினோம். அத்தான் நெற்றி பிளந்து இரத்தம் வழிய, வெறுங்கையால் கல்லைத் தூக்கித் தூக்கி எறிந்துகொண்டிருந்தார். நாங்கள் எடுக்கும்போது கிளீனர் அண்ணைக்கு உயிர் இல்லை. அந்தக் கட்டை சில்லுக்குக் கீழே அகப்பட்டுக் கிடந்தது. பிறகு ஆட்கள் லொறியை நிமிர்த்தியபோது யாருக்கும் சொல்லாமல் அதை எடுத்து என் சாக்குக்குள் வைத்தேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

வாகனத்தைப் பரிசோதிக்கிறவர் வருவதற்கு முன்னமே முதலாளி மெக்கானிக்கைக் கொண்டுவந்து லொறிக்குப் புதுப் பிறேக் பூட்டுவித்தார். பட்டப்பகலில், எங்கள் கண்ணுக்கு முன்னால் பூட்டினார்கள். பரிசோதித்தவர் மிதித்துப் பார்த்தார், பிறேக் பிடித்தது, அப்படியே எழுதிக் கொடுத்தார். வழக்கு அத்தான்மேல் வந்தது. கவனயீனமாக ஓட்டி ஒரு உயிரைக் கொன்றாராம். அக்காவுக்கு மடியில் ஒரு பிள்ளை, வயிற்றில் ஒரு பிள்ளை. அத்தான் தண்டனை கிடைத்து மறியல் வீட்டுக்குள் அடைபட்டால், லைசென்ஸும் போனால், அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு இல்லை. பிறேக் இல்லாமல் ஓட்டச் சொன்னது யார் என்பதை நீதவான் விளங்கிக்கொண்டால் போதும் என்று நம்பி, கட்டையை ஒரு பன்பையில் போட்டுக்கொண்டு நானும் நீதிமன்றத்துக்குப் போனேன்.

நீதவானுக்குத் தமிழ் தெரியாது. கேள்வி இங்கிலீசில் வரும், மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்லுவார், பதிலை மறுபடி இங்கிலீசாக்குவார். பிறேக் இல்லை என்று அத்தான் சொன்னதற்கு, பிறேக் நன்றாக இருந்தது என்ற கடதாசியைக் காட்டினார்கள். சரி, ஏன் நிறுத்தவில்லை, நிறுத்துவதற்கு உனக்கு என்ன வேண்டியிருந்தது என்று கேள்வி வந்தது. அத்தான் கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ரெண்டு கட்டை இருந்திருந்தா நிப்பாட்டியிருப்பன் ஐயா."

எங்கள் பேச்சில் கட்டை என்றால் மரத்துண்டும்தான், மைலும்தான். வீதியோரம் நட்டிருக்கும் மைல்கல்லைக் கட்டை என்போம். கடை எவ்வளவு தூரம் என்று கேட்டால் ஒரு கட்டை, ரெண்டு கட்டை என்று சொல்லுவோம். மொழிபெயர்ப்பாளர் எங்கள் பக்கத்து மனிதர்தான், ஆனால் கல்மலையைக் கண்ணால் கண்டிருக்கமாட்டார். வீதி, லொறி, நிறுத்துவது என்ற கதைக்குள் அவருக்குக் கட்டை மைலாகத்தான் கேட்டது. "டூ மைல்ஸ்" என்றார். நீதவான் சிரித்தார். அவர் சிரித்ததும் வக்கீல்மார் சிரித்தார்கள், பொலிசுக்காரர் சிரித்தார்கள், பின்வரிசை வாங்கில் இருந்த முதலாளியும் சிரித்தார். இரண்டு மைல் கிடைத்தால் லொறியை நிறுத்துவானாம்! அத்தான் எல்லா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தன்னோடு ஒரு கோப்பையில் சாப்பிட்டவன் செத்ததற்கு இவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை.

மைல் என்ற சொல் எனக்குத் தெரியும். நான் எழும்பி நின்று, "ஐயா, அவர் சொன்னது மைல் இல்லை, மரக்கட்டை! இந்தா, இதுதான் கட்டை!" என்று பைக்குள் இருந்ததை எடுத்து இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிக் காட்டினேன். நீதவானுக்கு அடிக்க ஓங்குகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். இரண்டு பொலிசுக்காரர் பாய்ந்து என் கையை முறுக்கினார்கள். நீதவான் என்னவோ கேட்டார், மொழிபெயர்ப்பாளர் என்னவோ சொன்னார், அவர் தலையாட்டினார். என்ன சொன்னாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என்னை வெளியே தள்ளி, கட்டையையும் காலடியில் எறிந்துவிட்டுப் போனார்கள். உள்ளே தீர்ப்புச் சொல்லி முடிந்தபோது நான் வேப்பமரத்துக்குக் கீழே நின்று வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தேன். கேட்க ஆளில்லை.

அத்தான் சில மாதம் மறியலில் இருந்து வந்தார். லைசென்ஸ் ஒரேயடியாகப் போயிற்று. அதே கல்மலையில், பெண்களோடு குந்தியிருந்து சல்லி உடைத்தார். நீதிமன்றத்தில் நடந்த கதை அவருக்கு முன்னமே பஸ்ஸேறி ஊருக்கு வந்திருந்தது. "ரெண்டு கட்டை றைவர்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். என்ன கட்டை என்று தெரிந்த லொறிக்காரர்கள்கூட, போகும்போது தலையை நீட்டி, "அண்ணை, ரெண்டு கட்டையில நிக்குமோ?" என்று கத்துவார்கள். பகிடியாம். என்ன பகிடி? அவர் சுத்தியலை நிறுத்தாமல் சிரித்து வைப்பார். நான் கல்லெடுத்து எறிந்திருக்கிறேன், ஒரு கண்ணாடியும் உடைந்தது, அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. அவருடைய வலது கால் கடைசிவரை நிலத்தை மிதித்துக்கொண்டே இருந்தது. செத்தவீட்டில், பிரேதம் கிடந்த இடத்தில்கூட, "கடைசியா ரெண்டு கட்டை போட்டு நிப்பாட்டிட்டார்" என்று ஒருவன் சொல்லிக்கொண்டு வந்தான். நான் பிடித்துத் தள்ளினேன், அதற்குப்பிறகு அவன் படலைக்கு வெளியேதான் நின்றான்.

முதலாளி கடைசிவரை நன்றாக வாழ்ந்தார். அவர் பேரில் ஊரில் ஒரு மண்டபம்கூட இருக்கிறது. கண்டி வீதியில் இப்போது கிலோமீற்றர்க் கற்கள். தூரத்துக்குக் கட்டை என்று சொல்கிறவர்கள் குறைந்துபோனார்கள்.

மருமகள் காலை இடித்த மறுநாள், தச்சுவேலை செய்கிற ஓடாவியாரைக் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தேன். பாலை மரத்துண்டு தேடிப் பிடிக்க அவருக்கு மூன்று நாலு நாள் எடுத்தது. நேற்றுக் கொண்டுவந்து தந்தார். அதே உயரம், அதே சரிவு, துளைகூடச் சுட்டிருக்கிறார். பழையதற்குப் பக்கத்தில் வைத்தேன். மருமகள் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன மாமி, ஒண்டை எறியச் சொன்னா ரெண்டாக்கி வைச்சிருக்கிறியள்? கதவுக்கு ஒண்டு காணுமெல்லோ?"

"காணாது" என்றேன். "ஒண்டு காணாது பிள்ளை."