தையற்காரி எந்த வாரம் கிளம்பியிருக்க வேண்டும்?

தையற்காரி எப்போது கிளம்பியிருக்க வேண்டும்? என் மாணவி நிலார் இதைக் கேட்டு இரண்டு வாரமாகிறது. எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. இந்தக் கேள்வி எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

1. பென்சில் குறிப்பு

யாங்கோனில், பபேடானில், ஒரு மாடி டியூஷன் வகுப்பில் சரித்திரம் எடுக்கிறேன். வெளிநாட்டுப் பரீட்சை எழுதும் பதினெட்டுப் பிள்ளைகள். பாடம், இரண்டு உலகப் போர்களுக்கு நடுவிலான ஐரோப்பா. தாகேதாவில் பக்கத்து வீட்டு மா எய்யிடம் என் குழந்தையை விட்டுவிட்டு பஸ் ஏறும்போதே, இன்று சொல்லப்போவது சரிதானா என்ற கவலை தொடங்கிவிடும்.

சேர்ந்த முதல் மாதம், ஜெர்மானியர் ஏன் சர்வாதிகாரிக்கு இடம் கொடுத்தார்கள் என்ற கேள்விக்கு ஆங்கிலத்தில் ஒரு மாதிரி விடை எழுதினேன். தோற்ற போர், அவமானமாகத் தோன்றிய ஒப்பந்தம், மதிப்பிழந்த பணம், வேலையில்லாத் திண்டாட்டம். முடித்ததும் வழக்கம்போலச் சந்தேகம். 'இது போதுமா? இன்னும் யோசிக்க வேண்டும்' என்று அடியில் பென்சிலால் எனக்காகக் குறித்துக்கொண்டேன். அப்போது மின்சாரம் வந்தது. மறுபடி போவதற்குள் போட்டோகாப்பி எடுக்கும் அவசரத்தில் அதை அழிக்க மறந்துவிட்டேன்.

மாதிரித் தேர்வில் பதினெட்டுப் பேரும் அந்த விடையை ஒரு கமாகூட மாறாமல் எழுதியிருந்தார்கள். கடைசி வரியும் எல்லோருக்கும் ஒன்றே: 'இது போதுமா? இன்னும் யோசிக்க வேண்டும்.'

அவர்களைக் குறை சொல்ல முடியாது. இங்கே பள்ளியில் சேர்ந்த நாள்முதல் உரக்கக் கத்தி மனப்பாடம் செய்துதான் படிக்கிறார்கள். சயாமா, அதாவது டீச்சர், கொடுத்த தாளில் வேண்டாத வரி இருக்கும் என்று எந்தப் பிள்ளைக்கும் தோன்றாது.

டியூஷன் வகுப்பின் உரிமையாளர் டோ கமலா தாள்களை மேசையில் பரப்பி வைத்திருந்தார்.

"பதினெட்டுப் பேரும் யோசிக்கணுமாம். முதல்ல நீங்க யோசிச்சு முடிச்சிட்டு வாங்க, சயாமா."

அடுத்த தேர்விலும் இப்படி என்றால் வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். பஸ்ஸில் அழுதேன். அழுதபடியே, பிள்ளைகள் அந்த வரியை எழுதியது தப்பு, ஆனால் அந்த வரி தப்பில்லையே என்றும் தோன்றியது.

2. பதினெட்டு பெர்லின்காரர்கள்

மாதிரி விடை கொடுப்பதை நிறுத்தினேன். ஆளுக்கொரு பெர்லின்வாசியைக் கொடுத்தேன்: ரொட்டிக்கடைக்காரர், காலிழந்த சிப்பாய், வேலை போன டைப்பிஸ்ட், இரவு விடுதிப் பாடகி. ஒவ்வொரு வாரமும் ஓரிரு ஆண்டுகள் நகர்வோம். நடந்ததை நான் சொல்வேன். அதைக் கேட்டு உங்கள் ஆள் என்ன செய்வார் என்று அவர்கள் சொல்ல வேண்டும்.

முதல் இரண்டு வாரம் ஒருவரும் சொந்தமாக எதையும் சொல்லவில்லை. எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, சயாமா சொல்வதே சரி என்றார்கள். மூன்றாம் வாரம் சிப்பாய், பாடகியின் பாட்டெல்லாம் நாட்டைக் கெடுக்கிறது என்றான். உன் ஊர்வலச் சத்தத்தைவிட என் பாட்டு மேல் என்றாள் பாடகி. அதன்பிறகு வகுப்பை அடக்குவதுதான் என் வேலையாயிற்று.

நிலாருக்குக் கிடைத்தது கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு யூதத் தையற்காரி. ஒவ்வொரு வாரமும் "இருப்பேன்" என்றாள். ஒரு வாரம், குழந்தைக்கு ஜுரம். இன்னொரு வாரம், அடுத்த தேர்தலில் எல்லாம் மாறிவிடும். பிறகு, வாடிக்கையாளர்கள் நல்லவர்கள். ஒவ்வொரு காரணமும் நியாயமாகவே இருந்தது.

அடுத்த மாதிரித் தேர்வில் பதினெட்டு விடைகளும் பதினெட்டு விதமாக இருந்தன. ஒப்பந்தம் வெறும் சாக்கு என்று ஒருவன் வாதாடியிருந்தான். எழுத்துப் பிழைகள் நிறைய. ஆனால் ஒருவர் வரி இன்னொருவரிடம் இல்லை. டோ கமலா எல்லாவற்றையும் படித்துவிட்டு, "மார்க் கொஞ்சம் கம்மிதான். ஆனா இந்தத் தடவை தூக்கம் வரல," என்றார். வகுப்பு எனக்கே. அன்று பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. தாகேதாவரை நின்றுகொண்டே வந்தேன், கால் வலித்ததாக நினைவில்லை.

3. நிலார்

விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று எல்லோரும் போனபின் நிலார் நின்றாள். வகுப்பில் அவள் பேசுவது பர்மிய மொழியில்தான். அன்று தமிழில் கேட்டாள், கையைக் கட்டிக்கொண்டு.

"சயாமா, நான் எந்த வாரம் கிளம்பியிருக்கணும்?"

பரீட்சையில் அது வராது என்றேன்.

"பரீட்சைக்குக் கேக்கல. இங்க நிலைமை சரியில்லன்னு எங்க அண்ணன் நாட்டைவிட்டுப் போயிட்டான். அம்மா தினமும் எங்கிட்டதான் கேக்குறாங்க, நாமளும் போவமா இருப்பமான்னு."

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அவளிடம் சொல்லாதது ஒன்று உண்டு. தன்லியினில் பாக்டரி வேலை முடிந்து வந்ததும் என் கணவரும் இதையேதான் கேட்கிறார். குழந்தைக்கு இருமல் குறையட்டும் என்பேன். பிறகு, பரீட்சை முடியட்டும் என்பேன்.

நான் கற்றது இதுதான்: சந்தேகத்தை அழித்துவிட்டுப் பாடம் எடுக்கக் கூடாது. பிள்ளைகள் யோசிக்கத் தொடங்கியதில் எனக்குப் பெருமை. ஆனால் யோசிக்கச் சொல்லிவிட்டு, அவள் கேட்டபோது நான் ஒதுங்கிவிட்டேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை நிலார் பதில் கேட்டு மறுபடி வருவாள். நடந்து முடிந்தபின் படிக்கிற நமக்கு எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. நடந்துகொண்டிருக்கும்போது எதை வைத்து முடிவெடுப்பது? ஊரைவிட்டுக் கிளம்பியவர்களோ, இருந்துவிட்டவர்களோ இதைப் படித்தால், எந்த வாரம் அது உங்களுக்குத் தெரிந்தது என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.